கருப்பட்டி போடாத காப்பி

சுக்கின் மேல் பூசியிருந்த சுண்ணாம்பு, கத்தி முனை பட்டதும் வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. இடது கை சுக்கைத் திருப்பிக்கொண்டே இருக்க, வலது கை அவசரமில்லாமல் சுரண்டியது. தோல் போக வேண்டும், சதை போகக் கூடாது. கணுவுக்குக் கணு இடுக்கில் ஒட்டியிருக்கும் தோலைக் கத்தி எடுக்காது, கட்டைவிரல் நகம்தான் எடுக்கும். ஒரு துண்டு முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அந்தக் கைகள் அடுத்ததை எடுத்தன.

மல்லி தனியாக வறுபட்டு முறத்தில் ஆறிக்கொண்டிருந்தது. மிளகையும் சீரகத்தையும் ஒன்றாகப் போட்டு வறுக்கிறவர்கள் உண்டு. இந்தக் கைகள் அப்படிச் செய்வதில்லை. மிளகு வெடிக்கட்டும் என்று காத்திருந்தால் சீரகம் கருகிவிடும், பிறகு காப்பி முழுக்கக் கருகல் நாற்றம்தான். மிளகைக் கழுவிக் காயவைத்துத் தனியாக வறுக்க வேண்டும். திப்பிலியை முறித்து, உள்ளே பூச்சி இருக்கிறதா என்று பார்த்துத்தான் போட வேண்டும். கடையிலிருந்து வந்த எந்தச் சாமானையும் சோதிக்காமல் விடாத கைகள் அவை.

ஏலக்காய்க்கு மட்டும் சோதனை கிடையாது. மஞ்சள் துணிப்பையிலிருந்து அள்ளி நேராக உரலில் போட்டன. கழுவவில்லை, துடைக்கவில்லை. அண்ணன் கொடுத்த காய்.

"யம்மா, இன்னும் ஆகலயா? இவன் இப்பத்தான் கண்ண மூடுனான். அவன் முழிக்கிறதுக்குள்ள குடிச்சுக்கிறேன்."

"வாரேன்டீ. வெந்நீயா மொண்டு குடுக்குறதுக்கு?" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள் சந்தனம்மாள்.

சின்னமனூரில் அவர்கள் தெருவில் யாருக்குச் சளி பிடித்தாலும் தூக்குவாளி ஒன்று சந்தனம்மாள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மேகமலைப் பக்கமிருந்து ஈரக்காற்று இறங்கும் நாட்களில் சட்டி அடுப்பை விட்டு இறங்காது. அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருமுறை சுக்கு கூடிப்போய்த் தொண்டை எரிந்தது, குறைத்தாள். ஒருமுறை மல்லியை அரைகுறையாக வறுத்துப் பச்சை வாசம் அடித்தது, அடுத்த முறை இன்னும் கொஞ்ச நேரம் வறுத்தாள். அப்படியே கை பழகியது. பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சும்போது மிளகைப் பாதியாக்கி, சீரகத்தைக் கூட்ட வேண்டும் என்பதும் அப்படித் தெரிந்துகொண்டதுதான்.

இப்போது அவள் மகள் ஜோதிகாவே பிள்ளை பெற்று வந்து உள்ளறையில் படுத்திருக்கிறாள். தலைப்பிள்ளை, ஆண். சந்தனம்மாளின் கணவன் அழகர் வாழைத்தார் லோடு ஏற்றிக்கொண்டு கோட்டயம் பக்கம் போயிருந்தார். வீட்டில் இவர்கள் இருவரும் பிள்ளையும்தான்.

பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சும் சுக்கும் மிளகும் ஏலக்காயும் தாய்மாமன் வீட்டிலிருந்து வர வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து முறை. சந்தனம்மாளின் அண்ணன் வேல்பாண்டி அந்த முறையை ஊர் மெச்சச் செய்தார். போடியில் ஏலக்காய்க் கடை, அல்லிநகரத்தில் மாடி வீடு, வெள்ளைக் கார். தாம்பாளத்தில் அவர் கொண்டுவந்து வைத்த ஏலக்காய், பறித்த அன்றைக்கே வந்தது போல அப்படி ஒரு பச்சை. சந்தனம்மாள் ஒரு கை அள்ளி, மருமகனின் அம்மா பாண்டியம்மாளின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாத்தீகளா மதினி? எங்கண்ணன் கடைக் காய். இப்பிடி ஒரு பச்சைய நீங்க எங்கனயாச்சும் பாத்துருக்கீகளா?"

"ஏன், எங்க சுருளிப்பட்டியில பச்சையே இல்லையாக்கும்? திராட்சைத் தோட்டத்துக்கு வந்து பாருங்க" என்று பாண்டியம்மாள் சிரித்தாலும், கை என்னவோ நாலு காயை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டது.

பெருமைக்குக் காரணம் இருந்தது. வேல்பாண்டி வியாபாரம் தொடங்கிய காலத்தில் ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லை. மூட்டையை வீட்டுக்கே தூக்கிவந்து தங்கை முன்னால் கொட்டுவார். சந்தனம்மாள் அப்போது கல்யாணம் ஆகாத பெண். கால்களை நீட்டி, முறத்தை மடியில் வைத்து, பருங்காய் தனி, நடுக்காய் தனி, வெடித்தது தனி, வெளுத்தது தனி என்று பொறுக்கிப் போடுவாள். கழுத்து இற்றுப்போகும். விரல் நுனியெல்லாம் ஏலக்காய் வாசம் ஏறி, சோற்றைப் பிசைந்தாலும் அதுவே மணக்கும். முதல் மூட்டை நல்ல விலைக்குப் போன அன்று அண்ணன் சொன்னார்: "ஏத்தா, நீ எங்கன வாக்கப்பட்டுப் போனாலும் வருசா வருசம் மொதக் காய் ஒனக்குத்தான்." சொன்னபடி வருடம் தவறாமல் ஒரு பை வந்தது. அண்ணன் வீட்டுக்கு வந்தால், அவள் காய்ச்சுகிற காப்பியில் முதல் தம்ளர் அவருக்கு. இது எழுதாத ஒப்பந்தம்.

இதிலும் பெரிய காரணம் ஒன்றை அவள் யாரிடமும் சொன்னதில்லை. போன வருடம் அண்ணன் மகள் முனீஸ்வரிக்குப் பிள்ளை பிறந்தபோது, அல்லிநகரத்துக்குப் போய்க் காப்பி காய்ச்சிக் கொடுத்தது சந்தனம்மாள்தான். ஏலக்காய் வியாபாரி வீட்டுக்கு வேறு யார் ஏலக்காய் கொண்டு வருவார்கள்? அது மட்டும் அண்ணன் கடையிலிருந்தே வந்தது. பார்த்தால் ஒரே நிறமாக இல்லை. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள் பாய்ந்தது, இன்னொன்று நுனி வெளுத்தது.

"என்னண்ணே, பெத்த மகளுக்கு இப்பிடிக் காய எடுத்துட்டு வந்துருக்க?"

"வீட்டுக்கு இது போதும்த்தா" என்றார் அண்ணன்.

அதனால் ஜோதிகாவுக்கு வந்த அந்தப் பச்சையைப் பார்த்ததும் சந்தனம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சொந்த மகளுக்குக் கொடுக்காத காயை என் மகளுக்குக் கொடுத்திருக்கிறார். வாசம் மட்டும் கொஞ்சம் மட்டாகத்தான் பட்டது. கொரோனா வந்து போனதிலிருந்தே தன் மூக்கு மந்தமாகிவிட்டது என்று நினைத்து, வழக்கத்தைவிட நாலு காய் கூடுதலாகத் தட்டிப் போட்டாள்.

ஜோதிகா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து காலையும் மாலையும் அந்தக் காப்பிதான். கருப்பட்டியை முதலில் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அந்தக் கருப்புத் தண்ணீரில்தான் மற்ற சாமான்களைப் போடுவாள். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரத்தம் எடுத்துப் பார்த்து, கர்ப்பத்தில் ஏறிய சர்க்கரை இன்னும் இறங்கவில்லை, கொஞ்ச நாளைக்கு இனிப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே இன்று கருப்பட்டி இல்லாத காப்பி. வெறும் தண்ணீர் கொதித்தது. சுக்கும் மல்லியும் இளம்பழுப்பாக நிறம் விட்டன. கடைசியாகத் தட்டிய ஏலக்காயைப் போட்டு மூடினாள். சற்றுப் பொறுத்துத் திறந்து, வெள்ளைத் துணி கட்டிய சட்டியில் ஊற்றினாள்.

துணி பச்சையானது.

சந்தனம்மாள் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். துணியில் பழைய கறை எதுவும் இருந்ததா? இல்லை, காலையில் வெந்நீரில் அலசிக் காயப்போட்டது. வறுத்த மல்லி பச்சை விடாது. அவள் அலமாரியிலிருந்து கண்ணாடித் தம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தாள். ஒன்றில் சுக்கு, ஒன்றில் மல்லி, ஒன்றில் மிளகும் சீரகமும், ஒன்றில் முழு ஏலக்காய். எல்லாவற்றிலும் சூடான தண்ணீரை ஊற்றிவிட்டு நின்றாள்.

ஏலக்காயைச் சுற்றி முதலில் நூல் நூலாகப் பச்சை இறங்கியது. பிறகு தம்ளர் முழுவதும் திருவிழாவில் விற்கும் கலர்த் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. ஒரு காயை எடுத்துப் புறங்கையில் தேய்த்தாள். கையில் பச்சைக் கோடு. காய் வெளுத்துப்போய், பழைய உமியின் நிறத்தில் இருந்தது.

அந்த வெளுத்த காயை அவளுக்குத் தெரியும். எத்தனையோ சாயங்காலம் முறத்தில் தனியாகப் பொறுக்கிப் போட்டது அதைத்தான்.

"யம்மா!"

"பாத்திரம் கவுந்துருச்சுடீ. வேற போடுறேன், இரு."

காப்பியை அங்கணத்தில் கொட்டினாள். உள்ளறையை எட்டிப் பார்த்தாள். பேரன் விழித்துக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தான். இதுநாள்வரை அவன் குடித்த பாலில் இது எவ்வளவு கலந்ததோ.

அண்ணனை யாரோ ஏமாற்றியிருப்பார்கள் என்று மனம் ஒரு வழி சொன்னது. நல்ல காய் என்று நம்பி வாங்கியிருப்பார், அவசரத்தில் பார்த்திருக்க மாட்டார். வாழ்நாளெல்லாம் ஏலக்காயிலேயே கை வைத்திருக்கிறவர் பார்க்காமல் எடுத்திருப்பாரா என்று அதே மனம் திருப்பிக் கேட்டது. போனை எடுத்தாள்.

"அண்ணே, ஜோதிகாவுக்குக் குடுத்தேல்ல, அந்தக் காய் எங்கன வாங்குனது?"

"ஏன்த்தா, தீந்துருச்சா?"

"இல்ல, எதுத்த வீட்டுல கேட்டாக. அதான்."

"வாங்குனதா! வண்டன்மேட்டுப் பக்கம் நமக்குத் தெரிஞ்ச எஸ்டேட்டுக் காய். ஒனக்குன்னு நானே முன்னால ஒக்காந்து பொறுக்க வச்சு எடுத்தது. என் வீட்டுக்குக் கூட அதுல எடுக்கல, பாத்துக்க."

சந்தனம்மாள் புறங்கையில் இருந்த பச்சைக் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"சாயந்தரம் அங்கன வாரேன். சம்பந்தியம்மாவும் வாராகன்னு சொன்னேல்ல? ஒன் காப்பியப் போட்டு வையி. தொண்ட கட்டிக் கெடக்கு."

"சரிண்ணே."

போனை வைத்த பிறகும் அந்தக் குரல் காதிலேயே நின்றது. ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. என் வீட்டுக்குக் கூட அதில் எடுக்கவில்லை என்றாரே, அந்த ஒன்று மட்டும் சத்தியமான வார்த்தை. முனீஸ்வரிக்கு வந்தது நிறம் கெட்ட காய் அல்ல, நிறம் பூசாத காய். வீட்டுக்கு இது போதும் என்று அண்ணன் சொன்னதை அவள்தான் தன் மகளுக்குச் செய்த பாசமாக மாற்றி, இத்தனை நாளாக நெஞ்சுக்குள் வைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணை மகளுக்குத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு, பஜாருக்குப் போய் ஏலக்காய் வாங்கி வந்தாள். பலசரக்குக் கடையில் நிறம் கலந்த காய்தான் கிடைத்தது. ஒவ்வொன்றாகக் கழுவி, வெந்நீரில் போட்டுப் பார்த்து, தண்ணீர் தெளிவாக இருந்த பிறகே உரலில் போட்டாள்.

சாயங்காலம் பாண்டியம்மாள் ஒரு கூடை கறுப்புத் திராட்சையோடு வந்து இறங்கினாள். பேரனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "மூக்கு எங்க வீட்டு மூக்கு. காது மட்டும் உங்க வீட்டுக் காது, மதினி. பரவால்ல, முடி வளந்தா மறச்சுரும்" என்றாள்.

"எங்க காதுக்கு என்ன கொறச்சலாம்?" என்று ஜோதிகா உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஒனக்குக் காது கேக்குதுல்ல, அதுதாம்மா கொறச்சல்."

சிரிப்பு அடங்குவதற்குள் கார் வந்து நின்றது. வேல்பாண்டி உள்ளே வந்து, பிள்ளையின் கையில் ஒரு வெள்ளிக் காப்பைப் போட்டார். பாண்டியம்மாள் எழுந்து நின்று வரவேற்றாள். "வாங்கண்ணே. நீங்க குடுத்த ஏலக்காயப் பத்தித்தான் எங்க ஊரு பூராம் பேச்சு. நாலு காய முடிஞ்சுட்டுப் போயிக் காட்டினேன்ல!"

"நம்ம பிள்ளைக்குச் செய்யாம வேற யாருக்கும்மா செய்யப்போறோம்?" என்று தொண்டையைச் செருமிக்கொண்டே, வேல்பாண்டி அடுப்படிப் பக்கம் நடந்தார். "சந்தனம், காப்பி என்னாச்சு?"

சட்டியில் அவருக்கென்று மஞ்சள் பைக் காயைப் போட்டுத் தனியாகக் காய்ச்சியது பச்சையாகக் கொதித்து அடங்கியிருந்தது. சந்தனம்மாள் மூடியைத் திறந்து காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். அது என்ன என்று அவர் கேட்கவில்லை.

"கருப்பட்டி போடலயா?" என்றுதான் கேட்டார்.

"அவளுக்குச் சுகர் இருக்காம்ணே. இனிப்பு ஆகாதுன்னுட்டாக."

"அத எங்கிட்ட நீ சொல்லவேயில்லையே."

"சொல்லியிருந்தா? நல்ல காயாக் குடுத்துருப்பியா?"

வேல்பாண்டி கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசுத்தா. கடையாளுக மூட்டைய மாத்திக் கட்டிருப்பாங்ய."

"நீயே முன்னால ஒக்காந்து எடுத்தேன்னு காலையில சொன்ன."

"சரி, இப்ப என்னங்குற? ஊரு ஒலகத்துல நடக்காததா? வெளுத்த காய எவன் கையில தொடுறான்? கேசரிக்குப் போடுற கலருதான் இது. ஒரு வாய் குடிச்சா ஒண்ணும் ஆயிராது."

"ஒரு வாயாண்ணே? பால் குடுக்குறவ, காலையும் சாயந்தரமும் குடிச்சுருக்கா." அவளுக்குக் குரல் உயரவில்லை. உயர்த்த முடியவில்லை. "முனீஸ்வரிக்கு நான் தட்டிப் போட்ட காய்ல கலரு இல்லண்ணே. என் கையிதான தட்டுச்சு. எனக்குத் தெரியாதா?"

வேல்பாண்டி மஞ்சள் துணிப்பையை எடுத்து, வாயை முடிச்சுப் போட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் அதே இடத்தில் வைத்தார்.

"நாளைக்கே வேற காய் குடுத்து விடுறேன். இதக் கொட்டிரு. இல்ல, கொட்ட வேணாம், அந்தம்மா எந்திரிச்சு வந்துறப் போவுது. நீ ரெண்டு கட்டி கருப்பட்டியத் தட்டிப் போடு. ஒண்ணும் தெரியாது. அவக முன்னால என் மானத்த வாங்கிராதத்தா. நம்ம வீட்டு மானம்."

சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார். அடுத்த நிமிடமே பாண்டியம்மாளிடம் திராட்சை விளைச்சல் பற்றி அவர் விசாரிப்பது கேட்டது. அதே குரல், காலையில் போனில் கேட்ட குரல்.

சந்தனம்மாள் கருப்பட்டிப் பானையைத் திறந்து ஒரு கட்டியை எடுத்தாள். அவள் பிறந்த வீடு என்று இனி இருப்பது அண்ணன் ஒருவர்தான். நல்லது கெட்டது எதுவானாலும் அந்தக் கார் வந்து நின்றால்தான் மருமகன் வீட்டில் அவளுக்கும் ஜோதிகாவுக்கும் மரியாதை. அம்மிக்கல்லில் இரண்டு தட்டுத் தட்டிப் போட்டால் சட்டி கறுத்துவிடும். அண்ணன் குடிப்பார், நன்றாக இருக்கிறது என்பார். வருடா வருடம் பை வரும். அதை அவள் கழுவிப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

செய்தது கூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. மூடி மறைப்பதற்கும் அவள் கையையே கேட்டாரே.

கருப்பட்டியைப் பானையிலேயே திரும்ப வைத்து மூடினாள்.

பஜாரில் வாங்கிய காயைப் போட்டுக் காய்ச்சியதை முதலில் எவர்சில்வர் தம்ளரில் ஊற்றி, தானே ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டு, ஜோதிகாவுக்குக் கொண்டுபோனாள். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"இன்னைக்குத்தாம்மா வாசமா இருக்கு" என்றாள் ஜோதிகா.

அதிலேயே கருப்பட்டி கரைத்து ஊற்றி, பாண்டியம்மாளுக்கு இரண்டாவதாகக் கொடுத்தாள். எப்போதும் முதல் தம்ளர் வாங்குகிற வேல்பாண்டி, அது தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தனம்மாள் அடுப்படிக்குப் போனாள். தனியாகக் காய்ச்சியிருந்ததை வடிகட்டி, ஒரு கண்ணாடித் தம்ளரில் விளிம்புவரை ஊற்றி, வெளியே துடைத்து எடுத்து வந்தாள்.

"என்ன மதினி, அண்ணனுக்கு மட்டும் கண்ணாடித் தம்ளரு?" என்ற பாண்டியம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "அடியாத்தி, இம்புட்டுப் பச்சையாவா இருக்கும்?"

"எங்கண்ணன் கடைக் காய் மதினி. கருப்பட்டி போட்டா அந்த நெறம் தெரியாது. அதான் போடல."

வேல்பாண்டி தங்கையின் முகத்தைப் பார்த்தார். அவர் கை மடியை விட்டு எழவில்லை.

"குடிங்கண்ணே, ஆறிரும்" என்றாள் பாண்டியம்மாள், ஒன்றும் தெரியாதவளாக.

சந்தனம்மாள் குனிந்து, அண்ணனின் வலது கையைத் தன் இடது கையால் எடுத்து விரித்தாள். விரல் நுனிகளில் இப்போதும் ஏலக்காய் வாசம் இருந்தது.

"ஒரு வாய்தானண்ணே" என்று சொல்லி, தம்ளரை அந்தக் கையில் வைத்தாள்.